அச்சாரம் வாங்கிய அடுக்குத் தூக்குகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது; ஒன்று என் நாத்தனார் கண்ணை மூடும்போது கைக்குழந்தையாக விட்டுப் போனது. ஐந்தில் ஒன்றுகூட யாரிடமும் கைநீட்டி நின்றதில்லை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புவரைதான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் அவசரப்படாமல் எழுதினால் என் எழுத்தும் வரிசையில் நிற்கும். அதனால் மெதுவாகச் சொல்கிறேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

சிலர் நகை சேர்ப்பார்கள். நான் அடுக்குத் தூக்கு சேர்த்தேன். எனாமல் பூசியது, மூன்று அடுக்கு, நாலு அடுக்கு, பக்கத்தில் ரோசாப்பூவோ மயிலோ வரைந்திருக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சோறும் கறியும் கொண்டுபோனது இதில்தான். எங்கள் தோட்டத்தை விற்று வீட்டுமனை ஆக்கியபோது சனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறினார்கள். பழைய இரும்பு வாங்க வரும் லோரிக்காரன் தூக்குகளைக் காலால் மிதித்து நசுக்கி ஏற்றுவான். எனக்கு அது பொறுக்கவில்லை. நசுங்காததை அவனிடம் எடைக்கு வாங்கினேன். அப்புறம் பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு அடுப்படியைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பேன்.

திகாம் பத்துவில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறை முழுக்க என் தூக்குகள்தான். பலகை அடித்து, சுவரோரம் வரிசையாக வைத்திருந்தேன். பிள்ளைகள் வந்தால், “அம்மாவோட சட்டிக்கட நல்லா ஓடுதா?” என்று கேட்பார்கள். ஓடவில்லை, நிற்கிறது என்பேன்.

அந்த வீட்டின் சொந்தக்காரர், சீனத் தவுக்கே, வீட்டை விற்றுவிட்டார். அடுத்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். சுங்கைப் பட்டாணியில் அடுக்குமாடியில் இருக்கும் என் கடைசி மகள், தன்னோடு வந்துவிடச் சொன்னாள். போக எனக்கும் ஆசைதான். இதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு என்னைப் பற்றி வேறு மாதிரிப் பேசினார்கள். கூரை ஒழுகியது, முட்டி வலித்தது, பகல் முழுக்கப் பேச ஆளில்லை. மகள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

“நீ வா. ஒஞ்சட்டி வேணாம். படுக்கவா எடம் வேணும், அடுக்கவா எடம் வேணும்? நீயே சொல்லு.”

சரி, விற்றுவிடுவோம் என்றேன். மகளின் மகள், என் பேத்தி, தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், படம் எடுத்துக் கைப்பேசியில் போட்டாள். போட்ட வாரமே ஒருவன் வேனில் வந்து இறங்கினான். சுங்கைப் பட்டாணியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறவன். நாற்பது வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரன். ஒவ்வொரு தூக்கையும் எடுத்து, மூடியைத் திறந்து, மோந்துகூடப் பார்த்தான்.

“என்னாப்பா, பழைய குழம்பு வாசன வருதா?” என்றேன்.

“இல்ல பாட்டிம்மா, துரு வாசன வருதான்னு பாக்குறேன். ஒண்ணுலயும் இல்ல லா! கொழந்த மாதிரி வச்சிருக்கீங்க. பினாங்குல ஒரு காப்பிக்கட தொறக்குறாங்க. எல்லாம் பழைய காலத்துச் சாமானா வேணுமாம். மொத்தமா எடுத்துக்கிறேன். ஒண்ணுகூட விடாம.”

“நான் கோயிலுக்குப் பொங்கல் கொண்டு போறது ஒண்ணு இருக்கு. பச்சை நெறத்துல.”

“அதுதான் பாட்டிம்மா எல்லாத்துலயும் அழகு. அது இல்லாம செட்டு நிக்காது.”

விலை படிந்தது. மீதியை லோரியோடு வந்து தருகிறேன் என்று அச்சாரப் பணத்தை ஐம்பது வெள்ளித் தாள்களாக எண்ணி என் கையில் நீட்டினான். நான் கையை நீட்டவில்லை. இங்கேதான் எல்லாம் தொடங்கியது. சாமி மேடையில் விளக்கை ஏற்றி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, “இதுல வையி” என்றேன். அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வைத்தான். தட்டிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் லோரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் வீட்டில் மாடு விற்ற முறை அது. தோட்டத்தில் இருந்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மாடு வளர்த்தோம். மாட்டுக்கு அச்சாரம் வாங்கி வெற்றிலை கொடுத்துவிட்டால் அந்த நிமிடமே அது அடுத்தவன் மாடு. கொட்டகை நம்முடையது, மாடு நம்முடையதில்லை. அவன் வந்து ஓட்டிக்கொண்டு போகும்வரை நாம் புல் போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். அதன் பாலில் நம் வீட்டில் ஒரு தேத்தண்ணிகூடக் கலக்கக் கூடாது. கறந்த பால் கோயிலுக்குப் போகும். வேறு ஒருவன் வந்து இரண்டு மடங்கு கொடுக்கிறேன் என்றாலும் பேச்சுக்கே இடமில்லை. வாங்கியவனுக்கு மனம் மாறினால் அவன் நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும். நாம் அவன் பணத்தை அதே மாதிரி தட்டில் வைத்துத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மாடு நம் மாடு.

எனக்குத் தெரிந்த வியாபாரம் இது ஒன்றுதான். தூக்குக்கும் அதையே செய்தேன்.

அடுத்த வாரம் லோரி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பேத்தி கைப்பேசியில் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. செய்தி அனுப்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். “நலமா தம்பி, உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மழைக்காலம் ஆனதால் லோரி வரச் சிரமமாக இருக்கலாம்” என்று நான் முறையாகச் சொல்லிக்கொண்டே போக, அவள் விரல் எப்போதோ நின்றுவிட்டது.

“எல்லாத்தையும் போட்டியா?”

“போட்டேன் பாட்டி.”

“படி.”

“‘அங்கிள், சாமான் எப்ப எடுக்குறீங்க?’”

“அவ்வளவுதானா? நலம் விசாரிச்சது எங்க?”

“அந்த ‘அங்கிள்’லயே எல்லாம் இருக்கு பாட்டி.”

செய்தி போய்ச் சேர்ந்தது என்று இரண்டு கோடு காட்டியது. படித்தால் கோடு நீலமாகும் என்றாள். ஒருநாள் நீலமாயிற்று. பதில் இல்லை. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. அதுவரை அவனுக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்து அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் குரலிலேயே பேசி அனுப்பினேன். காது கேட்காதவனிடம் கத்துகிற மாதிரிக் கத்தினேனாம். பேத்தி கைப்பேசியைத் தூரப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் நீலக் கோடுதான் வந்தது.

மாட்டு வியாபாரத்தில் இப்படி ஒருவன் பேசாமல் போக முடியாது. நடுவில் தரகர் இருப்பார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டு வருவார். இங்கே நடுவில் யார் இருக்கிறார்கள்? ஒரு நீலக் கோடு.

நான் என் வீட்டிலேயே காவல்காரியாகிவிட்டேன். கதவைப் பூட்டிவிட்டு எங்கும் போக முடியவில்லை. பழைய இரும்பு லோரிகள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் திரிகிற காலம். என் சாமான் என்றால் போனால் போகட்டும், அடுத்தவன் சாமான். என் அண்ணன் பேரன் கல்யாணத்துக்குப் போகவில்லை. முட்டிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நாளும் தப்பிப் போயிற்று.

மழை வேறு. கூரை சரியாக முன்னறையில்தான் ஒழுகியது. விற்ற வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால் நான் எழுந்து தூக்குகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றுவேன். மழை விட்டதும் ஒவ்வொன்றாகத் துடைப்பேன். ஓர் அடுக்கில் துரு பிடித்தாலும் நான் கொடுத்த சொல்லில் துரு பிடித்த மாதிரி. கடைசியில் தூக்குகள் என் கட்டில் இருந்த காய்ந்த மூலைக்குப் போயின. நான் அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தேன்.

அந்தப் பச்சைத் தூக்கைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைப் பொங்கலைப் பேத்தி வைத்துவிட்டுப் போன ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுபோனேன். கோயிலில் ஒருத்தி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த வாரம் சாமிக்குச் சாக்லேட் பொங்கலா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பேசியில் கூப்பிட்டாள்.

“அவன் குடுத்தத வச்சிக்க, வேற ஆளுக்கு வித்துடு. ஊரு ஒலகமே அப்பிடித்தாம்மா செய்யுது.”

“அது ஒங்க ஒலகம்.”

“இல்லம்மா, ஒனக்கு இங்க வர இஷ்டமில்ல. அதுக்குத்தான் இந்தச் சாக்கு.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளிடம் இப்படிச் சொன்னாள். கைப்பேசியை வைத்துவிட்டேன்.

மாதக் கடைசி நெருங்கும்போது கோலா கெத்திலிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவள். பேத்தி போட்ட படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறாள். தூக்குகளைப் பூ நிரப்பி மேடையின் இரு பக்கமும் வரிசையாக வைத்தால் எப்படியிருக்கும் என்று கையை விரித்துக் காட்டினாள். லோரி வாசலில் நின்றது. பணம் முழுதும் கையில் இருந்தது.

“ஏத்திரட்டுமாம்மா?”

“இது அச்சாரம் வாங்குன சாமான் தாயி.”

“ஆளு எங்க?”

“வரல.”

“கூப்பிட்டா?”

“பேசல.”

“அப்பறம் என்னம்மா! அவன் வரவே மாட்டான். இந்த மாதிரி ஆளுங்களோடதான் எனக்குப் பொழப்பே. நீங்க எடுத்துக் குடுங்க, வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

என் கட்டை அவிழ்த்துவிடும் கை கண்ணுக்கு முன்னால் நின்றது. என்னால் அதைப் பிடிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் முகம் சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குமேல் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி வெறும் லோரியோடு போனாள்.

அவன் வராவிட்டால் என்ன, நான் போகிறேன் என்று அன்றே முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தூக்குகளுக்குக் காவல் வைத்தேன். சாமி மேடையில் இருந்த அவன் பணத்தைத் தாம்பாளத்தோடு துணியில் கட்டினேன். புது வெற்றிலை வாங்கினேன். பேத்தி லீவு போட்டுவிட்டுக் காரோட்டி வந்தாள். அவன் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துச் சுங்கைப் பட்டாணியில் விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தோம்.

இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் அவன் இருந்தான். நோயுமில்லை, நொடியுமில்லை. பழைய ரேடியோக்களுக்கும் விளக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பன்னைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“பாட்டிம்மா… பசியாறிட்டீங்களா?”

“நான் பசியாறுறது இருக்கட்டும். ஒனக்கு வாய் இருக்கா இல்லையா?”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மெல்லச் சொன்னான். பினாங்குக் காப்பிக்கடைக்காரன் புதுச் சரக்குக்கு மாறிவிட்டானாம். இப்போது பழசு போலவே புதிதாகச் செய்து விற்கிறார்களாம். பூவும் மயிலும் எல்லாம் அச்சு அசலாக இருக்குமாம், விலையும் குறைவு.

“அத எனக்குச் சொல்றதுக்கென்ன?”

“எப்பிடிச் சொல்றது பாட்டிம்மா? வெளக்கேத்தி வச்சு வாங்குனீங்க. வேணாம்னு சொல்ல மூஞ்சி வரல. சரி, டெபாசிட் எரிஞ்சு போச்சுன்னு விட்டுட்டேன். எங்க வியாபாரத்துல அப்பிடித்தான். ஆளு பேசலேன்னா காசு எரிஞ்சிச்சு, சாமான் ஒங்களுது. நீங்க எப்பவோ வித்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அங்கே விற்பனைக்கு இருந்த ஒரு முடிவெட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். இவன் பேசாமல் இருந்து என்னை விடுவித்துவிட்டதாக நினைத்திருக்கிறான். நான் அவன் பேசுவான் என்று கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

துணியை அவிழ்த்துத் தாம்பாளத்தை அவன் மேசையில் வைத்தேன்.

“எரிஞ்ச காசா? என் சாமி மேடையில இருந்துச்சு. ஒரு மூலகூடக் கருகல. பாரு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எடுக்கவில்லை. “வேணாம் பாட்டிம்மா. குடுத்த டெபாசிட்டத் திருப்பி வாங்குனா எனக்கு வெக்கம்.”

“எடுக்கலேன்னா சாமான் ஒன்னுது. மாட்டுக்கு அச்சாரம் வாங்குனா எங்க முறை அதுதான். லோரி கொண்டா.”

“இங்க எங்க வைக்கிறது? நான் நிக்கவே எடமில்ல லா!”

உண்மைதான். கூரை வரைக்கும் சாமான். அவனும் என்னைப் போலத்தான், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு அடைந்து கிடந்தான். ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. யாரோ ஒரு சீனர் வந்து விளக்கு விலை கேட்டுவிட்டுப் போனார். பேத்தி என் தோளைத் தொட்டு, போகலாம் பாட்டி என்றாள். எங்கே போவது? அவன் வாயைத் திறக்காமல் என்னால் என் வீட்டுக்குள்ளும் போக முடியாது, மகள் வீட்டுக்கும் போக முடியாது.

கடைசியில் அவன்தான் கேட்டான்.

“எங்க தாத்தாவும் மாடு வச்சிருந்தாரு பாட்டிம்மா. மாட்டத் திருப்பி விட்டா, இத்தன நாளு புல்லு போட்டதுக்குத் தீவனக் கூலி உண்டுதானே?”

“உண்டு.”

“அப்பச் சரி.” எழுந்து நின்றான். இரண்டு கையாலும் தட்டிலிருந்து பணத்தை எடுத்தான். “எனக்குச் சாமான் வேணாம். எல்லாம் ஒங்களுது” என்று வாயால் சொன்னான். பிறகு அதில் பாதியைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். “தீவனக் கூலி. இத வேணாம்னு சொல்லக் கூடாது.”

சொல்லவில்லை. அது முறை. வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. காருக்குள் ஏறியதும் பேத்தியைக் கோலா கெத்தில் பெண்ணுக்குப் போன் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. உடனே எடுத்தாள்.

“அம்மா, மன்னிச்சிக்குங்கம்மா. நேத்துதான் புதுசு வாங்கிட்டேன். பழசு மாதிரியே இருக்கும்மா, மினுமினுன்னு. வெலையும் பாதிதான். ஒங்களுது ரொம்ப வெயிட்டு வேற.”

பேத்தி வண்டியைக் கிளப்பாமல் என் முகத்தையே பார்த்தாள். “கிளப்பு” என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தேன். தூக்குகள் என்னோடு அடுக்குமாடிக்கு ஏறின. மின்தூக்கியில் எத்தனை தடவை ஏற்றி இறக்கினார்களோ, மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் அவருக்கும் சேர்த்துப் பேசினாள். என் அறையில் கட்டிலுக்கு நாலு பக்கமும் கல் வைத்து உயர்த்தி, அடியில் அடுக்கினோம். மிச்சம் அலமாரி மேலே, சன்னல் படியில், கதவுக்குப் பின்னால். கதவு பாதிதான் திறக்கும். நான் பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வருகிறேன். உயரம் கூடிப்போனதால் காற்றாடி முகத்துக்கு நேரே சுற்றுகிறது.

“அந்தக் கடைக்காரங்கிட்டயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல? அவனாவது வச்சிருப்பான்” என்கிறாள் மகள், ஒவ்வொரு தடவையும் கதவு இடிக்கும்போது.

அவனுக்கு வைக்க இடமில்லை; அவன் வாயால் வேண்டாம் என்று சொல்லாமல் நான் வந்திருந்தால் அது அவன் சாமானாக என் பொறுப்பில் இருந்திருக்கும். இப்போது என் சாமானாக என் தலைமாட்டில் இருக்கிறது. இந்த வித்தியாசம் அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சில நாள், கால் நீட்ட இடமில்லாமல் மடக்கிப் படுத்திருக்கும்போது, புரிவதில்லை. ஆனால் தப்பு செய்தேன் என்று மட்டும் யாரும் என் வாயிலிருந்து வாங்க முடியாது. பேத்தி மறுபடியும் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். யாராவது கேட்டால் தட்டு வைத்துத்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதை எழுதி முடிக்கும்போது அவள் வேலை முடிந்து வந்து, கதவிடுக்கில் நுழைந்து, கட்டில் ஓரத்தில் இருந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தா கண்ணு, முதலிலிருந்து படி. சத்தமாகப் படி, அடுப்படியில் உன் அம்மாவுக்கும் கேட்கட்டும். அந்தக் கடைக்காரப் பையனைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் படி. அவன் பேசாமல் இருந்ததற்கு நான் அளவுக்குமேல் ஏசியிருந்தால் சொல், அந்த வரியை அடித்துவிடுகிறேன்.